கைநாட்டு இருக்கும் வரை

ஜனவரி 12

என் மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். நீ சுகமா, மாப்பிள்ளை சுகமா? இதை முதலில் கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று மாலை வகுப்பு டீச்சர் சொன்னார். நேரில் என்றால் "சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவேன்.

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. கோழி கிளறியது இல்லை, நான்தான். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் உன் அப்பன் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. ஒரு வரி எழுதினால் ஒரு டீ குடிக்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, பால்காரர் பிழைக்கட்டும்.

ஒரு பெரிய விஷயம். நம் பட்டறையின் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். சொந்தப் பெயரை விட்டு வேறு பெயரில் கடை நடத்தினால் பதிவு செய்ய வேண்டுமாம். இல்லாவிட்டால் பேங்கில் கடைப் பெயருக்குக் கணக்கு கிடையாதாம். பதிவு ஆபீஸில் தடிமனான கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார்.

"என்ன தொழில் பெரியவரே?"

"பம்பு ரிப்பேர். மோட்டாருக்குக் காயில் கட்டுறது, பேரிங் மாத்துறது."

"கடைப் பேரு?"

"கைநாட்டு பம்புப் பட்டறை."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யாராவது தன் கடைக்கு இப்படிப் பேரு வைப்பாங்களா?"

"நான் வைக்கலம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவன்னு ஊரே என்னை அப்படித்தான் கூப்பிட்டுச்சு. கூப்பிட்டவன் வீட்டுப் பம்பும் என்கிட்டதான் வந்துச்சு. அதனால போர்டுலயே போட்டுட்டேன்."

அவர் என் பக்கமாக மை டப்பாவைத் தள்ளினார். நான் அதை மூடி அவர் பக்கமே தள்ளினேன். "பேனா குடுங்க" என்றேன். கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை வரிசையில் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். விடட்டும்.

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, காயில் சுற்றும் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். இனி இந்தப் பெயரை எந்தக் கொம்பனும் தொட முடியாது.

கையெழுத்துடன்,
அப்பா

பிப்ரவரி 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உறையில் என் முகவரியைப் பார்த்ததும் யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். பிரித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காயில் சுற்றாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? நான் அனுப்பிய ஸ்டூல் என்ன ஆயிற்று? அதன்மேல் பெயிண்ட் டப்பா வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

உங்கள் மாப்பிள்ளையும் கடிதத்தைப் படித்தார். நீங்கள் பதிவு செய்தது வியாபாரப் பெயர் மட்டும்தான், கம்பெனி இல்லை என்கிறார். அது உண்மைதான் அப்பா. அந்தக் காகிதம், இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது இன்னார் என்று அரசாங்கத்துக்குச் சொல்கிறது. அவ்வளவுதான். கடையும் நீங்களும் ஒரே ஆள். நாளைக்கு நீங்கள் சரிபார்த்த பம்பில் யாருக்காவது ஷாக் அடித்தால் உங்கள் வீட்டுமேலேயே வழக்குப் போடலாம். கம்பெனி என்றால் அது தனி ஆள். வழக்கு அதன்மேல்தான் வரும். வீடு தப்பும்.

யோசியுங்கள். குளிருக்கு முழங்காலில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

பிப்ரவரி 21

மகளுக்கு,

நான் நலம். ஸ்டூலும் நலம், பெயிண்ட் டப்பாவைத் தாங்கிக்கொண்டு. முழங்கால் உட்காரும்போது ஒரு சத்தம், எழும்போது ஒரு சத்தம் போடுகிறது. பேரிங் தேய்ந்த பம்பு மாதிரி. எனக்கு ஸ்பேர் பார்ட் எங்கே கிடைக்கும்?

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணாடி அம்மாவிடம் போனேன்.

"கம்பெனின்னா தனி ஆளாமே? எங்கே, நான் பாக்கணும்" என்றேன்.

"அதைப் பாக்க முடியாது பெரியவரே. சட்டம் பெத்த பிள்ளை அது. தனியா சொத்து வச்சிக்கும், கடன் வாங்கும், கோர்ட்டுக்குப் போகும். ஆரம்பிச்சவர் செத்தாலும் அது சாகாது. நீங்க பதிஞ்சது வெறும் பேரு. நீங்க போனா அதுவும் உங்ககூடப் போயிரும்."

"அந்த ஆளுக்கு வெட்கம் உண்டா?"

"என்னது?"

"பம்பு வேலை செய்யலன்னா வீட்டுக்காரங்க திட்டுவாங்க. அப்போ தலைகுனிஞ்சு நிக்க ஒரு ஆள் வேணுமே."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

எனக்கு வேண்டாம் மகளே. என் பம்பில் ஷாக் அடித்தால் என் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். அந்தப் பயத்தில்தான் நாற்பது வருடமாக எர்த் ஒயரை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன். பயத்தை இன்னொரு ஆளிடம் கொடுத்துவிட்டால் ஒரு தடவைகூட இழுக்க மாட்டேன்.

இன்னொன்று. நான் கட்டிய ஒவ்வொரு பம்பிலும் ஒரு செம்புத் தகடு அடிப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? "நான் இருக்கும் வரை பழுதுக்குக் கூலி இல்லை" என்று வெட்டச் சொல்லித்தான் தகடு வெட்டுபவரிடம் கொடுத்தேன். போன வாரம் ஒரு பழைய பம்பு வந்தது. தகட்டைத் துடைத்து முதல் தடவையாக நானே படித்தேன். "கைநாட்டு இருக்கும் வரை பழுதுக்குக் கூலி இல்லை" என்று இருக்கிறது. இத்தனை வருடமாக அப்படித்தான் அடித்திருக்கிறேன்! அந்த மனுஷனை இப்போது போய்க் கேட்கவும் முடியாது, போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டாலும் என்ன? கைநாட்டும் நானும் ஒரே ஆள்தான். நீயே எழுதியிருக்கிறாய்.

கையெழுத்துடன்,
அப்பா

மார்ச் 15

மதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு,

நாங்கள் இருவரும் நலம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

பட்டறையின் பெயருக்குச் சந்தையில் நல்ல மதிப்பு உள்ளது. அதை வீணாக்குவது சரியல்ல. எனவே "கைநாட்டு பம்ப்ஸ் லிமிடெட்" என்ற பெயரில் கம்பெனி தொடங்க முடிவு செய்துள்ளோம். தாங்களும் ஒரு பங்குதாரராக இருப்பீர்கள். இத்துடன் உள்ள தாள்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பவும். படித்துச் சிரமப்பட வேண்டாம். எல்லாம் வழக்கமான விதிகளே.

விரைவில் எதிர்பார்க்கிறோம்.

தங்கள் மகள்

ஏப்ரல் 4

மகளுக்கு,

இங்கே நான் நலம். அங்கே என் மகள் நலமா என்று எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவளிடமிருந்து கடிதம் வரவில்லை. அவள் எழுத்தில் வேறு யாரோ எழுதிய ஒன்று வந்திருக்கிறது. என் முழங்காலைக் கேட்காத கடிதம் உன் கடிதம் இல்லை.

படித்துச் சிரமப்பட வேண்டாமாம். நான் படிப்பதற்காகத்தானே சிரமப்பட்டேன்! பதினோரு தாளையும் விரல் வைத்துப் படித்தேன். நூறு பங்கு. மாப்பிள்ளைக்கு ஐம்பது. உனக்கு நாற்பத்தொன்பது. எனக்கு ஒன்று. பெயர் என்னுடையது, நாற்பது வருடம் என்னுடையது, பங்கு மட்டும் ஒன்று. பென்சில் போட்ட பெருக்கல் குறிகளை அழித்துவிட்டேன். ரப்பர் டீச்சருடையது.

என்னுடைய அந்த ஒன்றும் எனக்கு வேண்டாம். அதை நீயே வைத்துக்கொள். மாப்பிள்ளையிடம் நான் சுகம் கேட்டதாகச் சொல். கோபமாகக் கேட்டதாகச் சொன்னாலும் சரிதான்.

கையெழுத்து இல்லாத தாள்களுடன்,
அப்பா

ஜூன் 18

மாமா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நலம் சீராக இருக்கும் என நம்புகிறேன்.

"கைநாட்டு பம்ப்ஸ் லிமிடெட்" சென்ற மாதம் முறைப்படி கம்பெனியாகப் பதிவாகிவிட்டது. தாங்கள் வைத்திருக்கும் வியாபாரப் பெயர்ச் சான்றிதழ், அந்தப் பெயரின்மேல் தங்களுக்கு எந்த உரிமையையும் தராது. விசாரித்துக்கொள்ளலாம். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் வாடிக்கையாளர்கள் குழம்புவார்கள். இந்த மாத முடிவுக்குள் பெயர்ப் பலகையை இறக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன். இது குடும்ப விஷயம் அல்ல, தொழில் விஷயம் என்பதைப் புரிந்துகொள்வீர்கள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை
நிர்வாக இயக்குநர்

ஜூலை 9

மகளுக்கு,

மார்ச்சுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதினால் பாதி பொய்.

மாப்பிள்ளை எழுதியதை எடுத்துக்கொண்டு கண்ணாடி அம்மாவிடம் ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு, நடந்தேன். என்னிடம் சான்றிதழ் இருக்கும்போது இன்னொருவருக்கு எப்படி அதே பெயரைக் கொடுத்தீர்கள் என்று மேஜையைத் தட்டிக் கேட்டேன்.

"பேரு பதியுற புத்தகம் வேற, கம்பெனி பதியுற புத்தகம் வேற. ஒண்ணு இன்னொண்ணைத் தடுக்காது பெரியவரே. இந்தப் பேருக்குப் பின்னாடி நீங்க இருக்கீங்கன்னுதான் இந்தக் காகிதம் சொல்லுது. பேரு உங்க சொத்துன்னு சொல்லல. ஆனா நீங்க இத்தனை வருஷமா இந்தப் பேர்ல தொழில் செஞ்சிருக்கீங்களே, அதை வச்சு கோர்ட்டுக்குப் போகலாம். ஜெயிக்கவும் வாய்ப்பிருக்கு."

"அந்தக் கம்பெனில என் பொண்ணும் இருக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று பட்டறைக்கு வந்து சான்றிதழைச் சட்டத்தோடு இறக்கிக் கீழே வைத்தேன். பூட்டு என்று நினைத்து மாட்டியது, வெறும் பெயர்ச் சீட்டு. பிறகு மறுபடியும் மாட்டினேன். ஏன் தெரியுமா? "இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர்" என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அது பொய் இல்லையே.

உன்மேல் வழக்குப் போட மாட்டேன். போர்டையும் இறக்க மாட்டேன். பழைய போர்டு பெயிண்டர் எழுதியது. அதை அழித்துவிட்டு ஏணியில் ஏறி நானே எழுதினேன். எழுத்து மேடு பள்ளமாக இருக்கிறது. "பட்டறை"யில் இடம் போதாமல் கடைசி எழுத்து சுவருக்குப் போய்விட்டது. தெருவில் எல்லாரும் நின்று பார்த்துச் சிரித்தார்கள். நானும் இறங்கி வந்து அவர்களோடு நின்று சிரித்தேன்.

இப்போது முக்கியமானது. உங்கள் கம்பெனிப் பம்பு நம் ஊர்க் கடைகளில் விற்கிறது. வாங்கிய ஒரு வாரத்தில் நின்றுபோகிறது. ஜனங்கள் நேரே என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். புரட்டிப் பார்த்தால் என் செம்புத் தகட்டை அப்படியே அச்சு எடுத்து அடித்திருக்கிறார் மாப்பிள்ளை. "கைநாட்டு இருக்கும் வரை பழுதுக்குக் கூலி இல்லை." எழுத்துக்கு எழுத்து.

நான் பழுது பார்த்துக் கூலி வாங்கினால் தகடு பொய் ஆகும். வாங்காவிட்டால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கு நான் வேலைக்காரன். அதனால் ஒவ்வொரு பம்பிலும் ஒரு சீட்டு எழுதிக் கட்டி, பெட்டியில் இருக்கிற உங்கள் விலாசத்துக்கு லாரியில் போட்டு அனுப்பச் சொல்கிறேன். சீட்டில் இப்படி எழுதுகிறேன்: "இதை விற்ற கைநாட்டு நான் இல்லை. அது ஒரு கம்பெனி. தனி ஆள். அது சாகாது. ஆகவே என்றைக்கும் கூலி கேட்க முடியாது."

மாப்பிள்ளை என் பெயரை எடுத்தார். அதோடு சேர்ந்து வருவதையும் எடுத்துக்கொள்ளட்டும்.

கையெழுத்துடன்,
அப்பா

ஆகஸ்ட் 25

அப்பா,

முழங்கால் எப்படி இருக்கிறது? ஏணியில் ஏறினீர்களா? ஏறுவீர்களா இனிமேல்?

எழுத நேரம் இல்லை. உங்கள் மஞ்சள் பிடி போட்ட பழைய பிளையர், பேரிங் இழுக்கிற புல்லர் இரண்டையும் எனக்கு அனுப்ப முடியுமா? வீட்டு விலாசத்துக்கு வேண்டாம். கம்பெனி விலாசத்துக்கு, என் பெயருக்கு.

மகள்

செப்டம்பர் 1

மகளுக்கு,

முழங்கால் உன் கேள்வியைப் படித்ததும் பாதி சரியாகிவிட்டது. ஏணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், சத்தியமாக.

பிளையர், புல்லர் இரண்டும் பார்சலில் வருகின்றன. புல்லரின் ஒரு பல் வழுக்கும். துணி வைத்துப் பிடி. காயில் சுற்ற மெல்லிய செம்புக் கம்பியும் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். நீ கேட்கவில்லை. எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

கையெழுத்துடன்,
அப்பா

நவம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். இந்த வருடத்தில் முதல் தடவையாக அதை யோசிக்காமல் எழுதுகிறேன். முழங்கால் எப்படி? உண்மையைச் சொல்லுங்கள்.

மார்ச்சில் வந்த கடிதம் உங்கள் மாப்பிள்ளை சொல்லச் சொல்ல நான் எழுதியது. "உடம்பு விசாரிப்பு ஒரு வரி போதும், தொழில் கடிதம் அது" என்றார். முழங்காலை வேண்டுமென்றே விட்டேன். கண்டுபிடிப்பீர்கள் என்று தெரியும்.

உங்கள் சீட்டுக் கட்டிய பம்புகள் வந்தன அப்பா. முதலில் ஒன்று இரண்டு. பிறகு வாசல் முழுக்க. உள்ளே வர ஆட்கள் தாண்டிக் குதிக்க வேண்டியிருந்தது. வெளியில் மொத்தமாக வாங்கித் தகடு அடித்து விற்கிற கம்பெனி இது. எங்களிடம் விற்க ஆட்கள் உண்டு, கழற்றத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தகட்ட சும்மா அழகுக்குத்தான் அடிச்சேன். உங்கப்பா அதைப் போய் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டாரு!"

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிய காயில்கள் கைக்கு மறக்கவில்லை.

"ஒரு டைரக்டர் தரையில உக்காந்து பம்பு கழட்டுறதா? பாக்குறவன் சிரிப்பான்" என்றார்.

"சிரிக்கட்டும். எங்கப்பா போர்டைப் பாத்தும் சிரிச்சாங்க. தகடு அடிச்சது நம்ம கம்பெனி. அதுல பாதி நான்."

தகட்டில் சொன்னதை ரத்து செய்து, உங்கள்மேல் வழக்குப் போட ஒரு தீர்மானம் தயார் செய்தார். அதில் என் கையெழுத்து வேண்டும். நான் போடவில்லை. என்னை மீறியும் போக முடியவில்லை. ஏன் தெரியுமா? நீங்கள் வேண்டாம் என்று தள்ளிய அந்த ஒரு பங்கை "உங்கப்பா பங்குதானே, உன்கிட்டயே இருக்கட்டும்" என்று அவரே என் பெயரில் எழுதினார். நாற்பத்தொன்பதோடு ஒன்று. அவருக்கும் ஐம்பது, எனக்கும் ஐம்பது. நான் அசையாவிட்டால் அந்தத் தனி ஆளால் ஒரு விரல்கூட அசைக்க முடியாது.

மூன்று வாரம் நான் அசையவில்லை. நான்காவது வாரம் அவர் பேச வந்தார்.

கம்பெனி உங்கள் பெயரை விட்டுவிட்டது. இப்போது அதற்கு "நீரோட்டம் லிமிடெட்" என்று பெயர். அதற்கு ஈடாக என் பங்குகளை அவருக்கே கொடுத்துவிட்டேன். ஆனால் பெயர் மாறினாலும் ஆள் அதே ஆள்தான். அடித்த தகடுகளுக்கு அதுதான் பொறுப்பு. அந்தப் பம்புகளை எல்லாம் நான் பழுது பார்ப்பேன், எனக்கு உண்டான கூலியைக் கம்பெனி கொடுக்கும் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். வீட்டில் பேச்சு இருக்கிறது. சிரிப்பு இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும்.

ஒரு கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். நேற்று இங்குள்ள பதிவு ஆபீஸுக்குப் போனேன். கண்ணாடி போடாத இளைஞர் ஒருவர் இருந்தார். "கம்பெனியா, வியாபாரப் பெயரா?" என்று கேட்டார். "வியாபாரப் பெயர்" என்றேன். "கம்பெனின்னா உங்களுக்குப் பாதுகாப்பு மேடம்" என்றார். "தெரியும், ஒண்ணை இப்பத்தான் விட்டுட்டு வர்றேன்" என்றேன்.

பெயரை எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கைநாட்டு மகள் பம்புப் பட்டறை."

உங்கள் மகள்

நவம்பர் 19

கைநாட்டு மகளுக்குக் கைநாட்டு எழுதுவது.

உன் கடிதத்தை முதலில் நான் படித்தேன். பிறகு டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். பிறகு கண்ணாடி அம்மாவிடம் போய், வரிசையில் நின்று, என் முறை வந்ததும் படித்துக் காட்டினேன். "இங்க என்ன வேலையா வந்தீங்க?" என்றார். "ஒரு வேலையும் இல்ல. கேளுங்க" என்றேன். பின்னால் நின்றவர்கள் இந்தத் தடவை பெருமூச்சு விடவில்லை. ஒருவர் "அந்த ஒரு பங்கை இன்னொரு தடவை படிங்க" என்றார்.

மாப்பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது. அவர் நேரில் வந்தால் டீ கொடுப்பேன், அந்த ஸ்டூலையும் காலி செய்து போடுவேன். தன் பம்பு ஒன்றைத் தன் கையால் கழற்றி மாட்டிய பிறகுதான் மற்றப் பேச்சு.

உனக்குப் பார்சலில் செம்புத் தகடுகள் வருகின்றன. வெட்டுபவரிடம் கொடுக்கவில்லை. உளி பிடித்து நானே வெட்டினேன். எழுத்து கோணலாக இருக்கும், யாரும் அச்சு எடுக்க முடியாது. கைநாட்டு, கம்பெனி ஒன்றும் அதில் இல்லை. நாற்பது வருடத்துக்கு முன் நான் சொன்னதையே வெட்டியிருக்கிறேன்: "நான் இருக்கும் வரை பழுதுக்குக் கூலி இல்லை." அடிப்பதும் அடிக்காததும் உன் இஷ்டம். அடித்தால் அந்த "நான்" நீதான். கதவைத் தட்டினால் நீதான் எழுந்து போக வேண்டும்.

என்னைக் கேட்டது போதும். ஆகஸ்டிலிருந்து சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருக்கிறாய். உண்மையைச் சொல், உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

கையெழுத்துடன்,
அப்பா